தீ இல்லை

டிசம்பர் இருபத்திரண்டு. முழுத் தீத்தடை நாள்.
பிரைட் ஊருக்குள் நுழையுமிடத்துப் பலகையில்
முள் ஆரஞ்சில் நிற்கிறது.
பேக்கரிக் கண்ணாடியில் பஞ்சால் ஒட்டிய பனி,
பனிமேல் ஈ.

தொலைபேசியில் ஒரு குரல்:
"ஆற்றுக்கு மேல் குன்றில் பத்துப் பதினைந்து பேர்.
தலையில் இலை. வைக்கோல் வேறு வைத்திருக்கிறார்கள்.
எனக்கென்ன, சொல்லிவிட்டேன்."

நகராட்சித் தீத்தடுப்பு அலுவலரை வண்டியேற்ற
வைக்கோல் என்ற ஒரு சொல் போதும்.

மேலே,
வைக்கோல் சுற்றிக் கட்டிய சக்கரம், என் உயரம்.
கருவாலி இலைக் கிரீடத்தோடு குழாய்வேலைக்காரர் கெரெத்
பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்வினின்
அட்டைக் கத்தியில் குத்துப்பட்டுச்
செத்துக்கொண்டிருந்தார்.
ஏறுபகலின் அரசராம். இன்றோடு பகல் இறங்குமுகம்.
செத்தவர் ஒரு கண் திறந்து
"அனுமதிச் சீட்டு வேணுமா?" என்றார்.

தீப்பெட்டி உண்டா என்றேன்.
பைகளைக் கவிழ்த்துக் காட்டினார்கள்:
தேன் ரொட்டி, சன்ஸ்கிரீன், ஈ விரட்டும் வலை,
பொத்தானை அமுக்கினால் நடுங்கும்
பிளாஸ்டிக் மெழுகுவத்தி ஏழு.

ஹெட்விக் கணக்கர்.
வரலாற்றையும் வரவு செலவாகவே சொல்கிறாள்.
"இந்த ராஜா சண்டை பழசில்லை,
போன நூற்றாண்டில் கோத்தது.
சக்கரம் பழசு.
பற்றவைத்துக் குன்றிலிருந்து உருட்டுவார்கள்,
அணையாமல் ஆற்றைத் தொட்டால் திராட்சை விளையும்.
நெருப்பை எவ்வளவு உயரம் தாண்டுகிறாயோ
அவ்வளவு உயரம் ஆளிச்செடி."

எப்படித் தெரியும்?

"தடுத்தவர்கள் எழுதிவைத்தார்கள்.
உருட்டியவர்கள் ஒரு வரி விட்டுப்போகவில்லை.
சக்கரம் உருட்டாதே, பூண்டு பறிக்காதே என்று
ஒரு பாதிரி திட்டியிருந்தால்
அந்த ஊரில் உருட்டினார்கள், பறித்தார்கள்.
அபராதச் சீட்டுகள்தான் எங்கள் வேதம்."

என் சட்டைப்பையில் சீட்டுப் புத்தகம்
சற்றே கனத்தது.

சரிவு முழுக்க மஞ்சள் பூ.
புனித யோவான் பூண்டு. நடுக்கோடையின் மூலிகை அவர்களுக்கு;
எங்கள் அலுவலகப் பட்டியலில் ஒழிக்கவேண்டிய களை.
தங்கம் தோண்டிய காலத்தில் ஒரு ஜெர்மன்காரி
மருந்துக்கென விதை கொண்டுவந்தாள் என்பார்கள்.
தங்கம் தீர்ந்தது, பூண்டு தீரவில்லை.
அவர்கள் கும்பிடப் பறிக்கிறார்கள், நாங்கள் ஒழிக்கப் பறிக்கிறோம்,
வேரோடு போகிற செடிக்கு என்ன வித்தியாசம்.
"மொட்டை நசுக்கிப் பார்" என்றாள் ஹெட்விக்.
மஞ்சளுக்குள் இருந்து என் விரலில்
சிவப்பு.

பிறகு வட்டம் சுற்றினார்கள், இடப்பக்கமாக.
வலம் வந்தே பழகிய என் கால்
டெல்வினை முட்டியது.
இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறான்,
அவனோடு நடப்பதென்றால் இடம்தான்.
என் நாட்காட்டியில் இது மார்கழி;
முதுகில் வியர்வை வழிகிற மார்கழி.

வெயில் தணிந்ததும் சக்கரத்தைத் தள்ளினார்கள்.
தீக்குப் பதில் சிவப்பு நாடா.
செத்த அரசரே முதலில் தோள் கொடுத்தார்.
உருண்டது, வாம்பேட் வளையில் விழுந்து எழுந்தது,
முட்புதரை இரண்டாகப் பிளந்தது,
வைக்கோலை உதறி உதறி
கரைக்கு நாலடி முன்னால்
யோசிப்பதுபோல் நின்று
சாய்ந்தது.

மேலே யாரும் பேசவில்லை.
என் வண்டி கீழேதான் நின்றிருந்தது.
இறங்கிப் போனேன். போகிற வழிதானே.
பூட்ஸ் காலால் ஒரு தள்ளு.

அறிக்கை:
தீ இல்லை. புகை இல்லை.
அபராதம் இல்லை.
சக்கரம் ஒன்று, ஆற்றில். எப்படிப் போனது என்று
படிவத்தில் கேள்வி இல்லை, நானும் எழுதவில்லை.
உருட்டினார்கள் என்று மட்டும் எழுதினேன்,
இரண்டு முறை, ஒன்றை அடித்துவிட்டு.

தாளோரத்தில் கட்டைவிரல் பட்ட இடம்
சிவந்திருக்கிறது.